மேட்டு வில்லோ: ஆற்றோரம் வளராத வில்லோவுக்கு என்ன பேர்?

வில்லோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட் மட்டைதான், காஷ்மீர் வில்லோ, இங்கிலீஷ் வில்லோ என்று கடைக்காரர் விலை சொல்வாரே, அந்த மரம். அது ஆற்றோர ஈர மண்ணில் வளரும் என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வரும். ஆனால் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், காய்ந்த மணலிலும் புல்வெளியிலும் பைன் மரங்களுக்கு நடுவிலும் புதராக வளரும் ஒரு வில்லோ உண்டு. ஆங்கிலத்தில் பிரெய்ரி வில்லோ, தாவரவியலில் சாலிக்ஸ் ஹியூமிலிஸ். 1785இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹம்ப்ரி மார்ஷல் வைத்த பெயர்.

சாலிக்ஸ் என்பது வில்லோவுக்கு லத்தீன் சொல். முகப்பரு களிம்பு டியூபில் சாலிசிலிக் அமிலம் என்று இருக்கும் பாருங்கள், அதுவும் இந்த வேர்தான், வில்லோ பட்டையில் கிடைத்த பொருளிலிருந்து வந்த பெயர். ஹியூமிலிஸ் என்றால் தாழ்ந்தது, தரையோடு கிடப்பது. நன்றாக வளர்ந்தால் 3 மீட்டர் வரை போகும், இதிலேயே டிரிஸ்டிஸ் என்ற குட்டை வகை பெரும்பாலும் இடுப்பளவுகூட வராது. டிரிஸ்டிஸ் என்றால் சோகம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் பூசியதுபோல் மங்கலான ரோமம், ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். அந்த மங்கலைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வறண்ட மண்ணில் ஈரம் சட்டென்று போய்விடாமல் இருக்க அந்த ரோமம் உதவும். இலை வருவதற்கு முன்பே, குளிர் விடும்போதே பூத்துவிடும்.

சரி, தமிழில்? விவிலியத்தில் 137ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆற்றங்கரையில் கின்னரங்களை (யாழ் போன்ற இசைக்கருவிகளை) மாட்டிய வில்லோ, 'அலரிச்செடி' ஆகியிருக்கிறது. லேவியராகமத்தில் 'ஆற்றலரி'. நமக்கு அலரி என்றால் அரளி, அது வேறு குடும்பம், போதாததற்கு விஷச்செடி. நம் ஊர் வில்லோவுக்கு ஆற்றுப்பாலை என்ற நல்ல பெயரே இருக்கிறது, ஓடைக்கரையில் நிற்கும் மரம். ஆனால் தண்ணீர் இல்லாத மணலில் நிற்கும் செடியை ஆற்றுப்பாலை என்றால் செடியே சிரிக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு மேட்டுநில வில்லோ என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. மேட்டாங்காடு தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், எனவே என் ஓட்டு 'மேட்டு வில்லோ'வுக்கு. டிரிஸ்டிஸ் 'குட்டை மேட்டு வில்லோ'வாக இருக்கட்டும். 'சோக வில்லோ' வேண்டாம், கிளை தொங்கும் வீப்பிங் (அழும்) வில்லோ என்று குழம்பிவிடுவார்கள்.