அவிழ்த்துவிட்ட வளர்ப்பு நாய் கடித்தால் என்ன செய்யலாம்?

"நாய் கடிச்சதுக்கெல்லாம் கேஸா? போய் ஊசி போட்டுக்கங்க." காவல் நிலையத்தில் இந்தப் பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். கேஸ் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் ஏற்படும் அளவுக்கோ ஆபத்து வரக்கூடும் என்னும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாவிட்டாலும் சரி, அலட்சியத்தால் செய்யாவிட்டாலும் சரி, 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ. 289-தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் வந்திருக்கிறது. நீதிமன்ற அனுமதிக்குக் காத்திருக்காமல் போலீஸே நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறியபோது உரிமையாளர் கைது செய்யப்பட்டார். செய்தியில் வராத கடிக்கும் அதே சட்டம்தான்.

ஊசியும் ஏ.ஆர். காப்பியும்

முதல் வேலை குழாயடியில். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். "எங்க நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சு, உங்களுக்கு ஊசி தேவையில்லை" என்று உரிமையாளர் அட்டையைக் காட்டுவார். அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. ஊசியை உடனே தொடங்குங்கள், நாயைப் பத்து நாள் கண்காணிப்பது அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசி மட்டும் போதாது, காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது. "நாளைக்கு வாங்க" என்றால் காத்திருக்காதீர்கள், எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு அன்றே போங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் அதைப் போட மாட்டார்கள்.

பலருடைய வழக்கு வலுவிழப்பது இங்கேதான், போலீஸுக்குப் போவதற்கு முன்பே. ஓ.பி. சீட்டில் 'நாய்க்கடி' என்று ஒரே சொல் எழுதி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். பின்னால் எதிர்த்தரப்பு, "அது தெருநாய் கடிச்ச காயம்" என்று சொல்லும், மறுக்க உங்கள் கையில் தாள் இருக்காது. ஆகவே டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: வளர்ப்பு நாய், இன்னாருடையது, இந்த இடத்தில், இத்தனை மணிக்கு, சங்கிலி இல்லாமல் வந்தது. விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், அப்படியே எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நாய் கடிக்கவில்லை, துரத்தியதில் பைக்கிலிருந்து விழுந்தீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. 'வண்டி சறுக்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டால் நாய் அந்தக் கணமே கதையிலிருந்து மறைந்துவிடும். கடித்தால்தான் குற்றம் என்று 291 சொல்லவில்லை, ஆபத்தைத் தடுக்கத் தவறியதே குற்றம்.

காயத்தைக் கழுவியதும் தேதியோடு படம் எடுங்கள். வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மருத்துவ விடுப்புச் சான்று வாங்குங்கள். 15 நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ இருந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். முகத்தில் நிலையான தழும்பு, எலும்பு முறிவு ஆகியவையும் அப்படித்தான். அப்போது 125-ஆம் பிரிவும் சேரும், தண்டனை 3 ஆண்டு வரை போகும். அந்தத் தாள் இல்லையென்றால் சாதாரணக் காயம் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

காவல் நிலையத்தில்

புகாரை எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதியாக. கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று மாதக்கணக்கில் நம்பியிருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர்., அதன் நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும்.

"அந்தப் பார்க் எங்க எல்லை இல்லை" என்று அலைக்கழித்தால், எந்த நிலையத்திலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லை பார்த்து மாற்றுவது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை. பதியவே மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ, மாநகரம் என்றால் ஆணையருக்கோ ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அனுப்பிய ரசீது இல்லாமல் நேராக அங்கே போனால் மனு நிற்காது.

நிலையத்தில் வைத்துச் சமரசம் பேசுவார்கள். "ஊசிச் செலவைத் தந்துடறாங்க, விடுங்க." ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் பணம் கைக்கு வருமுன் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதி ஊசிகளும் தையலும் பாக்கியிருக்கும்போது, முதல் நாள் செலவோடு கணக்கை முடித்துவிட்டு நின்றவர்கள் பலர்.

அடுத்த சுவர் இது: "அது எங்க நாயே இல்லை, சாப்பாடு மட்டும்தான் போடுறோம்." கடிக்கும்வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட நாய், கடித்த மறுநாள் தெருநாயாகிவிடும். அதனால் முதல் நாளே சாட்சியம் சேருங்கள். கழுத்துப் பட்டை தெரியும் படம், அந்த வீட்டுக் கேட்டுக்குள் நாய் போய்வரும் காட்சி, நாயோடு நடப்பதைப் பார்த்த இரண்டு பேரின் பெயர். அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதைப் பாதுகாக்கச் சொல்லிப் புகாரிலேயே எழுதுங்கள். "நான் ஊரிலேயே இல்லை, வேலைக்காரர்தான் கூட்டிப் போனார்" என்பதும் வழக்கமான பதில். சட்டம் உரிமையாளர் என்று சொல்லவில்லை, யார் வசம் விலங்கு இருந்தது என்றுதான் பார்க்கிறது. புகாரில் இருவர் பெயரையும் போடுங்கள்.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். உரிமம் உண்டா என்று மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். இருந்தால், யாருடைய நாய் என்பது அங்கேயே உறுதியாகிவிடும். இல்லையென்றால் அதுவே தனி விதிமீறல். ஆனால் மாநகராட்சிப் புகார் போலீஸ் புகாருக்கு மாற்று ஆகாது. இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே போ என்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

குடியிருப்புச் சங்கத்தில் தீர்மானம் போட்டு நாயை வெளியேற்றலாம் என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வளர்ப்பு நாயையே தடைசெய்யும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பொது இடத்தில் சங்கிலி போட்டுக் கூட்டிவரச் சொல்லுங்கள், அந்தக் கோரிக்கை நிற்கும். கோபத்தில் பிறகு போய் நாயை அடித்துவிடாதீர்கள். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ அதே நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. கடிபட்டவரே குற்றவாளியாகி நிற்பது அப்படித்தான்.

இழப்பீடு

பல்தடம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைக் காட்டிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது 2023-இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஆதரவற்றுத் திரியும் கால்நடை, நாய் முதலியவற்றால் வரும் பாதிப்புக்கு, அந்த மாநிலங்களின் அரசு தர வேண்டிய தொகை. தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டு நாய்க்கு அது பொருந்தாது.

இங்கே வழி வேறு. குற்ற வழக்கில் தண்டனை விதிக்கும்போது இழப்பீடும் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கு மருத்துவ பில்கள் கோப்பில் இருக்க வேண்டும். தனியாக உரிமையியல் வழக்கும் போடலாம். அதற்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்துப் பாருங்கள். அந்தக் குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒப்புக்கொண்ட தொகை நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், காவல் நிலையப் பேச்சுபோலக் காற்றில் போகாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் கிடைக்கும்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒண்ணும் பண்ணாது" என்பது உங்களுக்குத்தான் தெரியும், எதிரே வரும் குழந்தைக்குத் தெரியாது. இழுத்துப் பிடிக்கும் பலம் உள்ள பெரியவர் கையில் சங்கிலி இருக்கட்டும், பத்து வயதுப் பையன் கையில் வேண்டாம். கடித்துவிட்டால் நாயை ஊருக்கு அனுப்பி மறைக்காதீர்கள், தடுப்பூசி அட்டையை அன்றே கொடுங்கள், பத்து நாள் நாயைக் கண் முன்னால் வைத்திருங்கள். கடிபட்டவர் எத்தனை நாள் பயத்தில் இருப்பார் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாகக் காலக்கெடு. 6 மாதத் தண்டனையுள்ள குற்றத்துக்குக் காலவரம்பு ஓராண்டு. பி.என்.எஸ்.எஸ்.-இன்படி, போலீஸ் தகவலைப் பதிவுசெய்த தேதி அந்த ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், ஆகவே எஃப்.ஐ.ஆர். பதிவாவதைத் தள்ளிப்போட விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமல் கோப்பு தூங்கலாம். ஆறாவது மாதத்திலேயே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பம் போடுங்கள்.