கதவை மூடிய வங்கியெல்லாம் திவாலான வங்கியா? 1893-ன் கணக்கு

வங்கிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினாலே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறோம். 1893-ல் டெபாசிட்தாரர்கள் பயந்து பணத்தை எடுக்க வங்கிகளுக்கு ஓடிய பீதியின்போது அமெரிக்கச் சிற்றூர்களிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு பணம் கொடுப்பதை நிறுத்திய 158 நேஷனல் வங்கிகளில் (மத்திய அரசின் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள்) 86 மறுபடி திறந்தன. கையில் ரொக்கம் இல்லாதது வேறு, கொடுக்க வகையே இல்லாதது வேறு.

அன்றைய சட்டப்படி சிற்றூர் நேஷனல் வங்கி டெபாசிட்டில் 15 சதவீதம் இருப்பு வைக்க வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்கைப் பெருநகர வங்கியில் போட்டு வைக்கலாம், வட்டியும் வரும். டெபாசிட் 1 லட்சம் டாலர் என்று வையுங்கள். சட்டம் கேட்ட அளவே வைத்திருந்தால் இருப்பு 15,000. அதில் 9,000 சிகாகோவிலோ நியூயார்க்கிலோ இருக்கும். உள்ளூர்ப் பெட்டகத்தில் வெறும் 6,000! ஆளுக்கு 200 டாலர் கேட்டு முப்பது பேர் வந்தால் பெட்டகம் காலி. மீதிப் பணத்தில் பெரும்பகுதி விவசாயியின் கடன் சீட்டிலும் கடைக்காரரின் சரக்கிலும் முடங்கிக் கிடக்கும். கடன் நல்ல கடன்தான். ஆனால் அறுவடைக்கு முன்னால் வசூலாகாது. இருப்பு குறைந்தால் புதுக் கடன் கொடுக்கவும் சட்டம் தடை. அதனால் வியாபாரமும் படுக்கும்.

உண்மையான கண்ணி அந்த 9,000 டாலர்தான். தந்தி அடித்தால் ரயிலில் ரொக்கம் வரும், நகர வங்கி நன்றாக இருக்கும்வரை. மே மாதம் சிகாகோவின் கொலம்பியா நேஷனல் வங்கி விழுந்தபோது, அதை நம்பியிருந்த பக்கத்து மாநிலமான இந்தியானாவின் குட்டி வங்கிகளும் கூடவே விழுந்தன. ஆகஸ்டில் நியூயார்க் வங்கிகளே ரொக்கத்தைப் பிடித்து வைத்தன. நோட்டு வேண்டுமென்றால் காசோலையின் மதிப்புக்கு மேல் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1893 ஜூன் 26 அன்று இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியது. வெள்ளி விலை சரிந்தது, அமெரிக்காவின் கொலராடோ மாநில வெள்ளிச் சுரங்கங்கள் மூடின, ஜூலையில் அதன் தலைநகர் டென்வரின் வங்கிகள் அடுத்தடுத்துக் கதவைச் சாத்தின.

நேஷனல் வங்கி வெளியிட்ட நோட்டுக்குப் பின்னால் அரசுக் கடன்பத்திரம் ஈடாக இருந்தது. டெபாசிட்டுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. அது வந்தது 1934-ல்தான். அதனால் மூடிய வங்கியின் பெயர் போட்ட நோட்டு கடையில் செல்லும், அதே வங்கியின் பாஸ்புக் செல்லாது. முந்தி வந்தவருக்கு முழுப்பணம் என்ற நிலையில், விடியற்காலையே வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது.

மூடிய பிறகு அரசு ஆய்வாளர் வந்து ரொக்கத்தை எண்ணுவார், கடன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இயக்குநர்கள் தங்கள் தொழிலுக்கே எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர் பார்த்தவற்றில் முக்கியமானது என்பேன். கெட்ட வங்கி அங்கேதான் பிடிபடும். கணக்கு தேறினால், தவணையில் வாங்கிக்கொள்ள டெபாசிட்தாரர்கள் ஒப்புக்கொண்டு, பங்குதாரர்கள் புதுப்பணம் போட்டு, வங்கி திறக்கும். தேறாவிட்டால், வங்கியின் சொத்துகளை விற்றுக் கடனைத் தீர்க்க அரசு நியமிக்கும் ரிசீவர் வருவார். 100 டாலர் பங்கு வைத்திருந்தவர் அதை இழந்தது போதாதென்று இன்னும் 100 டாலர் வரை கட்ட வேண்டும். அதையும் சேர்த்து வசூலானதை, டாலருக்கு இத்தனை சென்ட் என்று ரிசீவர் அவ்வப்போது டெபாசிட்தாரர்களுக்குப் பங்கிடுவார்.