இன்போகிராபிக்: வரைகலையா, படமா?

"உங்கள் நாளாந்த வாழ்வைத் தகவல் வரைகலையாக்குக." பயிற்சிப் பட்டறைத் தாள்களில் இந்த மாதிரி வாக்கியம் அலுக்க அலுக்க வருகிறது. தகவலைப் படமாகக் காட்டுவதுதான் இன்போகிராபிக். அதற்குத் 'தகவல் வரைகலை' பிழையான சொல்.

இன்பர்மேஷன், கிராபிக் இரண்டும் ஒட்டிப் பிறந்தது இன்போகிராபிக். கிராபிக்கின் கிரேக்க வேருக்கு எழுதுதல், வரைதல் இரண்டும் பொருள். தமிழ் 'வரை'யும் அப்படித்தான்: கடிதமும் வரையலாம், ஓவியமும் வரையலாம். (மலைக்கும் வரை என்று பெயர் உண்டு, மலையகத்தவரான நமக்கு நெருக்கமான சொல்.)

சிக்கல் 'கலை'யில். வரைகலை ஒரு துறை. அதைப் படிக்கலாம், படிப்பிக்கலாம். சுவரில் ஒட்ட முடியாது. சிற்பக்கலை வேறு, சிற்பம் வேறு. 'மூன்று தகவல் வரைகலைகள்' என்று பன்மையில் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். 'தகவல் வரைபடம்' என்போரும் உண்டு. இங்கே இலங்கையில் பள்ளிக்கூடக் கணிதத்தில் பிள்ளை படிப்பது வரைபு: சலாகை வரைபு, வட்ட வரைபு. வரைபடம் என்றால் அதற்குத் தேசப்படம்தான் நினைவில் வரும். 'தகவல் வரைபு' என்றாலோ பொருள் குறுகிவிடும். உருவம், எண், சிறுகுறிப்பு, வரைபு எல்லாம் சேர்ந்ததுதான் இன்போகிராபிக். தேசத்தைக் காட்டுவது தேசப்படம். தகவலைக் காட்டுவது தகவற்படம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

சொல் பிழைத்தால் வேலையும் பிழைக்கிறது. 'கலை' என்று கேட்ட பிள்ளை பூவும் கொடியும் போட்டுத் தாளை நிரப்புகிறது. 'படம்' என்றால், எதைக் காட்டுவது என்ற கேள்வி முதலில் வரும். ஒரு கிழமையைக் காட்ட 5 மில்லிமீற்றர் சதுரக்கோட்டுத் தாள் போதும். ஒரு கட்டம் அரை மணித்தியாலம். நாளுக்கு 48 கட்டம், 24 சென்ரிமீற்றர். கிடையாக வைத்த ஏ4 தாளில் கிழமைப் பெயர் எழுதவும் இடம் மிஞ்சும். ஏழு நாளுக்கு ஏழு வரி. நிறம் ஐந்துக்கு மேல் வேண்டாம். வரியை நள்ளிரவில் தொடங்கினால் தூக்கம் இரண்டாக வெட்டுப்பட்டு இரு ஓரத்திலும் கிடக்கும். விடிய 4 மணிக்கு எழும்புபவர் அந்த நேரத்தில் தொடங்கினால் ஒரே துண்டாக நிற்கும்.

தேயிலைத் தோட்டத்தில் எடுத்த கொழுந்தைக் காட்ட வேண்டுமா? ஓர் இலை 3 கிலோ என்று வைத்தால் 18 கிலோவுக்கு 6 இலை, 9 கிலோவுக்கு 3. ஒரே இலையை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால் அகலமும் இரட்டித்து, பரப்பு நான்கு மடங்காகிவிடும். 18 கிலோ கண்ணுக்கு 36 ஆகத் தெரியும். உருவத்தைப் பெருப்பிக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு என்பதை 1920களிலேயே வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் என்ற தத்துவ அறிஞர் விதியாக வைத்தார்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு தடவை பிள்ளையின் பாடநூலையும் புரட்டலாம், மலையில் வேலை செய்பவரிடமும் கேட்கலாம். கொழுந்து என்ற சொல் இருக்க 'பறிக்கப்பட்ட தேயிலை இலைகள்' எதற்கு? தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் 'பேர்' (ஒரு நாள் வேலை), 'அரைப்பேர்' (அரை நாள் வேலை) என்று கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கைப் படமாக்கும்போது 'வேலை நாள் அலகு' என்று தலைப்பிட்டால், பேர் போட்டவருக்கே அது விளங்காது.