டிராக்டரில் கால் வழுக்குவது ஏன்?

டிராக்டர் வாங்கும்போது எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஃபுட்ரெஸ்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் ஓட்டுபவரின் இரண்டு காலும் நாள் முழுக்க இருப்பது அந்தத் தகட்டின் மேல்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு உடல் எடையையும் அதுவே தாங்குகிறது.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கென்றே சிறு டிராக்டர்கள் வந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கொண்டுவந்த கப் கேடட்டும், 1963இல் வந்த ஜான் டீர் 110உம் அந்த வகையில் பேர்பெற்றவை. இரண்டும் தொடக்கத்தில் 7 குதிரைத்திறன் எஞ்சினோடு வந்தன. அவற்றைப் பழுது பார்த்து இன்றும் புல்வெட்ட ஓட்டுபவர்கள் உண்டு. இத்தனை பழைய வண்டியில் எஞ்சினைக்கூடப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் குதிகால் பட்டுப் பட்டுப் பெயிண்ட் போய்ப் பளபளத்த தகட்டில் நாலு மழைத்துளி விழுந்தால் கால் நிற்காது. நம் ஊர்த் தென்னந்தோப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் ஓடும் மினி டிராக்டர்களிலும் இதே சங்கடம்தான். இங்கே சேறு வேறு சேர்ந்துகொள்கிறது.

கிளட்சை அழுத்திக்கொண்டிருக்கும் கால் சறுக்கினால் பெடல் சட்டென்று மேலே வரும், வண்டி குதித்து நகரும். பின்னால் மண் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கு எல்லாரும் சொல்லும் வழி, தகட்டைச் சொரசொரப்பாக்கு என்பது. பெயிண்ட் அடித்து மணலைத் தூவு, கடையில் விற்கும் கறுப்பு டேப்பை ஒட்டு, ரப்பர் மேட் போடு. சில வண்டிகளில் இது வருடக்கணக்கில் நிற்கிறது, சிலவற்றில் ஒரே மாதத்தில் உரிந்து வருகிறது. சில இடத்தில் உரியாமலேயே பயனற்றுப் போகிறது. இந்தக் கடைசி வகைதான் யோசிக்க வைப்பது.

உராய்வு விசை அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று பிரெஞ்சுக்காரரான அமோந்தோன் 1699இல் சொன்னார். பள்ளியில் படித்த அதே விதி. ஒரு காலில் 40 கிலோ எடை இறங்குகிறது, உராய்வுக் கெழு 0.5 என்றால், பக்கவாட்டில் 20 கிலோ எடை அளவுக்கு விசை வரும்வரை கால் நகராது. சாய்வாகச் சொன்னால் ஏறக்குறைய 27 டிகிரி. ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு, காய்ந்த இரும்பில் இந்த அளவை எளிதாகத் தாண்டும். எனவே காய்ந்த ஃபுட்ரெஸ்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெயிண்ட் அடித்த வெறும் தகடே போதும்.

சிக்கல் நடுவில் ஏதாவது வந்து புகும்போது தொடங்குகிறது. தண்ணீர், டீசல், எண்ணெய், பனியில் நனைந்த புல், சேறு என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது செருப்பு இரும்பைத் தொடுவதே இல்லை, ஒரு படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் பிதுங்கி வெளியேற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஈரமான இரண்டு தட்டுகளைப் பிரிப்பது ஏன் கடினம் என்று ஆராய்ந்து, 1874இல் அதைச் சொன்னவர் வியன்னாவில் இருந்த யோசப் ஸ்டெபான். பிளஸ் டூ இயற்பியலில் ஸ்டெபான் போல்ட்ஸ்மன் விதி என்று வருமே, அவரேதான். வட்டமான தட்டு ஒன்று திரவத்தின் மேல் அழுத்தப்படும்போது, படலம் மெலியும் நேரம் திரவத்தின் பிசுபிசுப்புக்கு ஏற்பவும், தட்டின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பவும் கூடும், அழுத்தும் விசை கூடினால் குறையும். நான்காம் அடுக்கு என்பதுதான் முக்கியம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. விட்டமுள்ள வழவழப்பான ஒரு பரப்பு, 40 கிலோ எடையோடு ஈரத் தகட்டில் இறங்குகிறது. நடுவில் தண்ணீர். படலம் 10 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை மெலிய ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் இறங்குகிற அவசரத்தில் எடை மொத்தமும் காலில் விழுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீருக்குப் பதில் எஞ்சின் ஆயில் என்றால் பிசுபிசுப்பு சுமார் 100 மடங்கு, நேரமும் 100 மடங்கு. 40 விநாடி வரை கால் எண்ணெயின் மேலேயே நிற்கிறது.

இப்போது அதே பரப்பை 1 செ.மீ. விட்டமுள்ள 100 சிறு வட்டங்களாக, நடுநடுவே இடைவெளி விட்டுப் பிரிப்போம். மொத்தப் பரப்பும் எடையும் மாறவில்லை. ஆரம் பத்தில் ஒன்றானதால் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் கிடைக்கும் எடை நூறில் ஒரு பங்கானதால் நேரம் 100 மடங்கு கூடுகிறது. கூட்டிக் கழித்தால் 100 மடங்கு லாபம். எண்ணெய்க்கு 40 விநாடி பிடித்த வேலை 0.4 விநாடியில் முடிகிறது. பரப்பைத் துண்டாக்கியதே போதும், எதையும் சொரசொரப்பாக்கக்கூட இல்லை.

டயரில் பள்ளம் வெட்டுவதும் இதற்குத்தான். வழுக்காத பரப்பின் முதல் வேலை, நடுவில் சிக்கியது ஓடிப்போக வாய்க்கால் விடுவது. காலைப் பிடிப்பது அதற்கடுத்த வேலை.

இதை வைத்துப் பார்த்தால் செக்கர்டு பிளேட்டின் மர்மம் விளங்கும். மேடு மேடாக வார்ப்பு கொண்ட அந்தத் தகடு வழுக்காது என்று நம்பித்தான் பட்டறையில் வெட்டிப் பற்றவைக்கிறார்கள். வாய்க்கால் அதில் தாராளமாக உண்டு. ஆனால் மேடுகளின் தலை வழவழப்பாக இருக்கும், தேயத் தேய இன்னும் வழவழப்பாகும். மென்மையான ரப்பர் அந்த மேடுகளைச் சுற்றி அமுங்கினால் கால் மாட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்து இறுகிப்போன செருப்பு மேட்டுக்கு மேடு தாவி உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் பட்ட செக்கர்டு பிளேட் வழுக்குவது இதனால்தான்.

மேட்டின் தலையிலும் கூர்மை வேண்டும் என்பதால் மணல் போன்ற துகள் வருகிறது. ரப்பர் கூர்மையான துகளின் மேல் நகரும்போது அமுங்கி நிமிர்கிறது. அமுங்கக் கொடுத்த ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை, ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அந்த இழப்பே காலை நிறுத்தும் விசையாகிறது. ஒட்டுதலால் வரும் உராய்வை ஈரம் கெடுத்துவிடும், ஆனால் அமுங்கி நிமிர்வதால் வரும் இந்தப் பங்கு ஈரத்திலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

துகள் எதுவாக இருக்க வேண்டும்? கடை டேப்பில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவில் கடினம் 9, வைரத்துக்கு ஒரு படி கீழே. மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. காலடிக்கு 7உம் போதும், வடிவம்தான் சரியாக இருக்க வேண்டும். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்தது, அதன் துகளுக்கு மூலை உண்டு. கட்டடக்காரர்கள் எம்-சாண்டைக் குறை சொல்லலாம், இந்த வேலைக்கு அதுவே மேல். சலித்து, தூசு போகக் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். அளவுக்கு 60ஆம் எண் உப்புத்தாளின் துகளை நினைத்துக்கொள்ளலாம், கால் மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் அமெரிக்கப் புல்தரைக்கும் வழி பிரிகிறது. அங்கே பூட்ஸ் போட்டு ஓட்டுவார்கள். இங்கே பாதிப் பேர் வெறுங்காலில், மீதிப் பேர் ஹவாய் செருப்பில். எட்டு மணி நேரம் உப்புத்தாளின் மேல் குதிகாலை வைத்து ஓட்டச் சொன்னால் இரண்டாவது நாளே சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். டின் எனப்படும் ஜெர்மானியத் தர அளவுகள் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டன. டின் 51130 சோதனையில் ஒருவர் பூட்ஸ் அணிந்து, எண்ணெய் தடவிய சாய்தளத்தில் நடக்க, சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். டைல்ஸ் பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை போட்டிருப்பது இதன் முடிவுதான். 19 டிகிரிக்கு மேல் 27 வரை தாங்கினால் ஆர்11, 35ஐத் தாண்டினால் ஆர்13. வெறுங்காலுக்கு டின் 51097 என்று தனிச் சோதனை இருந்தது, அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர். வெறுங்கால் வண்டிக்குத் துகள் பூச்சைவிடக் குமிழ் குமிழாக மேடுள்ள ரப்பர்தான் பொருத்தம் என்பது என் கணிப்பு.

செருப்பு இன்னொரு தொல்லை தரும். வழுக்குவது எப்போதும் பிடிமானம் மிகக் குறைந்த இடத்தில்தான். தகட்டில் எவ்வளவு நல்ல பூச்சு இருந்தாலும், சேற்றுக் காலோடு செருப்பு போட்டால் செருப்பு தகட்டில் அசையாமல் நிற்க, கால் செருப்புக்குள் நழுவும்.

சேற்றுழவில் துகள் பூச்சு தோற்பதற்கும் காரணம் இப்போது தெளிவு. களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது, பூச்சின் பள்ளங்களோ கால் மில்லிமீட்டர். நாலு தடவை ஏறி இறங்கினால் பள்ளமெல்லாம் களிமண்ணால் மெழுகப்பட்டு மட்டமாகிவிடும். பூச்சு உரியவில்லை, தேயவில்லை, ஆனால் வேலை செய்யவில்லை. நஞ்சை வண்டிக்கு ஓட்டை போட்ட தகடுதான் சரி. ஓட்டையின் விளிம்பு மேல்நோக்கிப் பல் பல்லாக நிமிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. சேறு கீழே விழுந்துவிடும், பல் காலைப் பிடிக்கும். இருக்கிற தகட்டிலேயே துளைத்தால் பலம் குறையும் என்பதால், ஓட்டைத் தகட்டைத் தனியாக வாங்கி, தாங்கும் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்குவது நல்லது.

மற்ற வண்டிகளுக்குப் பூச்சே போதும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் உரிகிறது? துகள் தேய்ந்து போவது அரிது, பெயர்ந்து போவதுதான் வழக்கம். துகளின் உயரத்தில் பாதிக்குமேல் பசைக்குள் புதைந்திருக்க வேண்டும். பெயிண்டிலேயே கலந்து அடித்தால் சில துகள் அடியில் மூழ்கும், சில மேலாக ஒட்டிக்கொண்டு முதல் மிதியிலேயே உதிரும். ஈரமான எபாக்சிப் பசையின் மேல் வேண்டியதைவிட அதிகமாகத் தூவி, இறுகியபின் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு, மேலே மெல்லிய ஒரு கோட் கொடுத்தால் எல்லாத் துகளும் ஒரே ஆழத்தில் நிற்கும். எபாக்சி வெயிலில் வெளிறிப் பொடியாகும், எனவே அந்த மேல் கோட் பாலியூரித்தேனாக இருப்பது நல்லது.

பூச்சு மொத்தமாக ஏடாக வந்துவிட்டால் குற்றம் அடியில். முதலில் கிரீஸை எடுக்க வேண்டும், பிறகுதான் உப்புத்தாள். அவசரத்தில் பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கிரீஸ் கீறலுக்குள் தேய்க்கப்பட்டு அங்கேயே தங்கிவிடும். சுத்தமானதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தால் போதும். படலமாக விரிந்தால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பழைய வண்டியின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஈரம் வைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் அவசியம்.

அதன்பின் வெயில். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் விரியும், எபாக்சி 50 மைக்ரானோ அதற்குச் சற்று மேலோ. சித்திரை வெயிலில் 60 டிகிரிக்குக் காய்ந்த தகட்டில் மழை விழுந்து 25க்கு இறங்கினால், 30 செ.மீ. நீளத்தில் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 0.4 மி.மீ. இழுபறி வருகிறது. பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு வலுவாக அந்த இழுப்பு ஓரங்களைத் தூக்கும். தடியாகப் பூசினால் நாள்பட உழைக்கும் என்ற நினைப்பு இந்த வேலையில் செல்லாது.

டேப்பும் ஓரத்திலிருந்துதான் கெடும். பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், நுனியைப் பிடித்து உரிக்கும் விசையைத் தாங்காது. சுவரொட்டியை மூலையிலிருந்து கிழிப்பதுபோல, செருப்பு நுனி பட்ட மூலை முதலில் எழும். மூலைகளை வட்டமாக வெட்டி, தகட்டின் விளிம்புக்கு ஒரு விரலகலம் உள்ளேயே டேப்பை நிறுத்தினால் ஆயுள் கூடும்.

ரப்பர் மேட் போடுபவர்கள் ரப்பரின் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இயற்கை ரப்பர் டீசல் பட்டால் ஊதிக் குழையும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வெயிலைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நைட்ரைல் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் எண்ணெயைத் தாங்கும், வெயிலில் நாளடைவில் வெடிக்கும். நிழலிலேயே கிடக்கும் கால் பகுதிக்கு நைட்ரைலைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த மேட்டானாலும் அடியில் தேங்கும் தண்ணீரும் அதில் கரைந்த உரமும் சத்தமில்லாமல் தகட்டை அரிக்கும். பொட்டாஷில் இருக்கும் குளோரைடு இதில் மோசம். வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவும்படி கழற்றக்கூடிய மேட்தான் வேண்டும். தடிமனையும் கவனிக்க வேண்டும். பெடலுக்கு அடியில் 10 மி.மீ. மேட் வந்தால் பிரேக்கோ கிளட்சோ முழுக்க அமுங்காமல் போகலாம். மேட்டைப் போட்டதும் எஞ்சினை ஓட்டாமல், பெடல்களைக் கடைசிவரை மிதித்துப் பார்க்க வேண்டும்.

அதிர்வும் பிடிமானத்தைத் தின்கிறது. தகடு மேலும் கீழும் 1 மி.மீ. அளவில் விநாடிக்கு 16 தடவை ஆடினால், அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பை எட்டிவிடும். கட்டாமல் வைத்த பொருள் அந்தக் கணத்தில் எடையற்றதாகிறது. காலை முழங்காலும் தசையும் அழுத்திப் பிடிப்பதால் அவ்வளவு ஆகாது, ஆனாலும் அழுத்தம் ஏறி இறங்கும், அழுத்தம் குறைந்த கணத்தில் உராய்வும் குறையும். கழன்ற போல்ட்டை இறுக்குவதும் போன புஷ்ஷை மாற்றுவதும் பூச்சுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

எபாக்சி மறுநாள் தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுப் பலம் பெற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதற்குள் உழவுக்கு எடுத்தால் இடது குதிகால் ஊன்றித் திரும்பும் இடத்தில் துகள் பெயரும். வருடம் போனாலும் முதலில் தேய்வது அதே இடம்தான். முழுத் தகட்டையும் சுரண்ட வேண்டாம். அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு, எபாக்சி தடவி, மறுபடி தூவினால் போதும்.