ஒரு டிக்கெட்டில் ஒரே ஒரு பக் எழுதுங்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. "எக்ஸ்போர்ட் சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒரு டிக்கெட், அதாவது மென்பொருளில் உள்ள பக்கை (பிழையை) டெவலப்பர்களுக்குத் தெரிவிக்கும் பதிவு. திறந்து பார்த்தால் உள்ளே மூன்று பிரச்சினைகள். சிறிய திரையில் பொத்தான் மறைகிறது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் தேதியும் மாதமும் இடம் மாறி விழுகின்றன. ஆயிரம் வரிகளைத் தாண்டினால் மிச்சமெல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகின்றன. டெவலப்பர் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, கமிட் செய்தியில் (நிரல் மாற்றத்தோடு எழுதும் குறிப்பில்) 'ஃபிக்ஸஸ்' என்ற சொல்லோடு டிக்கெட் எண்ணையும் போட்டார். மாற்றம் நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளையில் சேர்ந்ததும், நிரலையும் டிக்கெட்டுகளையும் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அந்தச் சொல்லைப் பார்த்து டிக்கெட்டைத் தானாகவே மூடிவிட்டது. வரிகள் தொலைந்துகொண்டேதான் இருந்தன. கணக்கு இடிக்கிறது என்று ஒரு பயனர் எழுதிக் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த டெவலப்பரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"எல்லாம் ஒரே பக்கத்தில் வருகிற பிரச்சினைதானே, சேர்த்துப் போட்டால் வேலை மிச்சம்" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதுபவருக்கு இரண்டு நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். டிக்கெட்டுக்கு ஒரு நிலைதான் உண்டு: திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். மூன்றில் ஒன்று முடிந்தால் எதைப் போடுவது? தீவிரத்துக்கும் ஒரே பெட்டிதான். பொத்தான் மறைவது சின்னக் குறை, தரவு தொலைவது மிகப் பெரிய குறை. இரண்டுக்கும் சேர்த்து "நடுத்தரம்" என்று போட்டால் இரண்டைப் பற்றியும் பொய் சொன்னதாகும். அடுத்த மாதம் தேதிக் குழப்பத்தைப் பார்க்கிற இன்னொருவர் தேடும்போது தலைப்பில் தேதி என்ற சொல்லே இருக்காது. அவர் புதிதாக ஒன்று திறப்பார்.

"மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருந்தால்?" இருக்கட்டுமே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை டூப்ளிகேட் (ஏற்கெனவே பதிவானதன் நகல்) என்று இணைக்க ஒரு நொடி போதும். நாற்பது பின்னூட்டங்கள் பின்னிக் கிடக்கிற டிக்கெட்டை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், அரை நாள் போய்விடும். உங்கள் டிக்கெட்டை டூப்ளிகேட் என்று மூடினால் தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். உங்களை யாரும் ஒதுக்கவில்லை. நீங்கள் எழுதிய படிகளால்தான் பலமுறை மூல டிக்கெட்டின் காரணமே பிடிபடுகிறது.

இன்னொன்று. தீவிரம் வேறு, முன்னுரிமை வேறு. 1998இல் வெளிவந்த பக்சில்லா என்ற பக் பதிவு மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. எவ்வளவு பாதிக்கிறது என்பதை எழுதுபவர் சொல்லட்டும். எப்போது செய்வது என்பதை டீம் முடிவு செய்யட்டும்.

தலைப்பில் "மேலும்", "அதோடு" என்று எழுதக் கை போனால் அங்கேயே நிறுத்தி, இரண்டாவது டிக்கெட்டைத் திறந்து இரண்டையும் இணையுங்கள். வெர்ஷன், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, இந்த நான்கும் கட்டாயம். பிழைச் செய்தியைப் படமாக ஒட்டாதீர்கள், தேடினால் கிடைக்காது. எழுத்தாக ஒட்டுங்கள். ஒட்டும் முன் லாகில் (மென்பொருள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) கடவுச்சொல்லோ, கடவுச்சொல் போலவே பயன்படும் டோக்கனோ இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் முன்பு மூடிய டிக்கெட்டில் "மறுபடி வருகிறது" என்று எழுதாமல் புதிதாகத் திறந்து பழையதைச் சுட்டுங்கள். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம்.

டெவலப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிக்கெட்டில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்திருந்தால் கமிட்டில் எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள், மூடுகிற சொல்லைப் போடாதீர்கள். மிச்சத்தைத் தனி டிக்கெட்டாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

எங்கள் எக்ஸ்போர்ட் டிக்கெட் இப்போது மூன்றாகிவிட்டது. தரவு தொலைகிற டிக்கெட்தான் அடுத்த ரிலீஸில் முதலில் நிற்கிறது. உங்களிடமும் இப்படி ஒன்று திறந்து கிடந்தால், ரிலீஸுக்கு முன் இன்றே பிரித்துவிடுங்கள்.