ஹர்த்தால்: கடைக்குப் போட்ட பூட்டு

ஹர்த்தால் (பெயர்ச்சொல்): எதிர்ப்பையோ துக்கத்தையோ காட்டக் கடைகளையும் அலுவல்களையும் ஊரே சேர்ந்து மூடிவைத்தல். தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் பந்த் என்போம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹர்த்தால்தான் அன்றாடச் சொல்; ‘நாளை பூரண ஹர்த்தால்’ என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இது குஜராத்தி வழியாக வந்த சொல். குஜராத்தியில் ஹட்தாள், இந்தியில் ஹட்தால். ‘ஹட்ட’ என்றால் சந்தை, கடை. ‘தாலா’ என்றால் பூட்டு. ஆக, கடைக்குப் பூட்டுப் போடுவது. பூட்டைக் குறிக்கும் அந்தப் பகுதியைக் கேட்டதும் நம்முடைய தாழ், தாழ்ப்பாள் நினைவுக்கு வரும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேரை முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனாலும் கவனிக்கத்தக்க ஒற்றுமைதான். ஆங்கிலத்தில் நடுவிலிருந்த ‘ட்’டை ‘ர்’ ஆக்கி எழுதினார்கள். தமிழில் வழங்குவதும் அந்த வடிவமே.

வணிகர்களின் வழக்கமாக இருந்ததை நாடு தழுவிய அரசியல் கருவியாக்கியவர் காந்தி. 1919இல் ரௌலட் சட்டம் வந்தபோது அவர் சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஹர்த்தால் அனுசரிக்கலாம் என்ற எண்ணம் அங்கே கனவில் தோன்றியதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6ஆம் தேதி குறிக்கப்பட்டது. அவர் மனத்தில் இருந்தது நோன்பும் வழிபாடும் கலந்த நாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைபார்க்க வேண்டிய ஊழியர்கள் முன் அனுமதி பெற்றே வேலையை நிறுத்தலாம் என்றுகூட நிபந்தனை வைத்தார். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யும் வேலைநிறுத்தம் எங்கே உண்டு? ஹர்த்தால் அப்போது வேலைநிறுத்தம் ஆகிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அந்தப் பணிவெல்லாம் இலங்கையில் கழன்றுபோனது. 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, கூப்பன் அரிசி (பங்கீட்டு அரிசி) கொத்து, அதாவது ஒரு படி போன்ற அளவை, 25 சதத்துக்கே கிடைக்கும் என்று வாக்குறுதி தந்து வென்றது. கொரியப் போரால் ஏறியிருந்த ரப்பர் விலை சரிய, அந்நியச் செலாவணி கரைந்தது. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன மானியத்தை வெட்டினார். கொத்து அரிசி 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது, ரயில், தபால் கட்டணங்கள் கூடின. லங்கா சமசமாஜக் கட்சியும் மற்ற இடதுசாரிகளும் ஓகஸ்ட் 12 அன்று ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது.

கொழும்பிலிருந்து தெற்கே நீளும் கரையோர ஊர்களில் மக்கள் தண்டவாளங்களைக் கழற்றினார்கள், மரங்களை வெட்டி வீதிக்குக் குறுக்கே போட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அமைச்சரவை கூடியது எங்கே தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்ட்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆன நாட்டின் அமைச்சர்கள்! பிரதமர் டட்லி சேனநாயக்கா ஒக்டோபரில் பதவி விலகினார். பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவல அரிசி விலையைக் குறைத்தார்.

விளைந்ததை அறுத்தது வேறொருவர். ஹர்த்தாலில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சித் தலைவர் பண்டாரநாயக்கா 1956இல் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. அரிசி விலைக்காகச் சிங்களரும் தமிழரும் ஒரே பெயரில் நடத்திய போராட்டத்தின் சொல், அதற்குப் பிறகு வடக்கு கிழக்கில் தமிழர் உரிமை அரசியலின் சொல்லாகிப்போனது. இந்தத் திருப்பத்தை அகராதிகள் சொல்வதில்லை.

மலாயாவிலும் 1947 ஒக்டோபர் 20 அன்று அரசமைப்புத் திட்டத்தை எதிர்த்து இதே பெயரில் நாடு தழுவிய போராட்டம் நடந்தது. கேரளத்தின் கதை வேறு. 1997இல் உயர் நீதிமன்றம் ‘பந்த்’ நடத்துவது சட்டவிரோதம் என்றது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கட்சிகள் பெயரை மட்டும் ஹர்த்தால் என்று மாற்றிக்கொண்டன.

தமிழில் எதைச் சொல்வது? சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கடையடைப்பு’ அச்சு அசலாகப் பொருந்தும்: ஹட்ட கடை, தாலா அடைப்பு. வணிகர்கள் மட்டும் கடை மூடும் நாளுக்கு இதுவே போதும். ரயிலும் பள்ளியும் அலுவலகமும் சேர்ந்து நின்றால் ‘முழு அடைப்பு’ சரி. ஈழத்து வழக்கிலுள்ள ‘கதவடைப்பு’ அழகான சொல்தான். ஆனால் தொழில் தகராறுகளில் முதலாளி ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்துவதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டதால் நான் தவிர்ப்பேன். ‘வேலைநிறுத்தம்’ தொழிலாளர் செய்வது. இந்தியில் ஹட்தாலுக்கு இன்று முதன்மைப் பொருள் அதுவாகிவிட்டதால், இந்திச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

1953 நிகழ்ச்சியை எழுதும்போது ஹர்த்தால் என்றே விடுவது நல்லது. அது அந்த நாளின் பெயர். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கிரந்த எழுத்து வேண்டாதவர்கள் ‘கர்த்தால்’ என்று எழுதுகிறார்கள், அதிலும் தவறில்லை.