ஹைஃபன் வேற, டேஷ் வேற

கீபோர்டுல பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருக்கிற குட்டிக் கோட்டையே எல்லாத்துக்கும் தட்டி விட்டுடறதால, ஹைஃபனும் டேஷும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பாக்க ரெண்டும் கோடுதான், ஆனா வேலை நேர் எதிர். ஹைஃபன் சேத்து வைக்கும், டேஷ் பிரிச்சு வைக்கும்.

ஹைஃபன் கிரேக்கச் சொல், "ஒண்ணாச் சேந்து"ன்னு அர்த்தம். பழைய கிரேக்க ஏடுகள்ல வார்த்தைக்கு நடுவுல இடம் விடாம எழுதிட்டுப் போவாங்க, அதனால ரெண்டு சொல்லை ஒண்ணாப் படிக்கணும்னு காட்ட எழுத்துக்கு அடியில வளைவா ஒரு கோடு போட்டாங்க, அதோட பேருதான் இது. டேஷுக்கு அவ்ளோ பரம்பரை எல்லாம் கிடையாது, இங்கிலீஷ்ல வேகமா அடிக்கறது, பாயறதுன்னு அர்த்தம் உள்ள சொல், பேனாவால ஒரே இழுப்பு, அவ்வளவுதான்.

தமிழ்ல ஹைஃபன் இணைப்புக்கோடு, டேஷ் இடைக்கோடு. ஹைஃபனை சிறுகோடுன்னும் சொல்றாங்க, எனக்கு அது ஒட்டல, நீளத்தை வச்சுப் பேரு வச்சா வேலை என்னன்னு தெரியாதே.

"அவர் கவிஞர்-ஆசிரியர்"னா ஒரே ஆளு ரெண்டும். "அவர் கவிஞர் — ஆசிரியர் இல்ல"ன்னா அந்தக் கோடு நம்மள நிறுத்தி வேற பக்கம் திருப்புது. டேஷ்லயே ரெண்டு சைஸ் இருக்கு: எம் டேஷ் எழுத்தோட பாயின்ட் அளவுக்கு நீளம், 12 பாயின்ட் எழுத்துன்னா 12 பாயின்ட், என் டேஷ் அதுல சுமார் பாதி. 10–15 மாதிரி "இதுலேந்து அது வரை"ன்னு சொல்ல என் டேஷ்.

உண்மையில தமிழுக்கு ஹைஃபன் அவ்வளவா தேவைப்படறதே இல்ல, தாய்தந்தை, இரவுபகல்னு உம்மைத்தொகையே ஒட்டிக் குடுத்துடுது. அச்சுல வரி முடியற இடத்துல வார்த்தை ஒடைஞ்சாக்கூட பல புத்தகங்கள்ல கோடு போட மாட்டாங்க, மிச்சம் அடுத்த வரியில அது பாட்டுக்கு இருக்கும், நாமளும் தடங்கல் இல்லாம படிச்சிட்டுப் போறோம்.

குழப்பத்துக்குக் காரணம் டைப்ரைட்டர். ஒரே கீதான், அதுவே ஹைஃபன், அதுவே மைனஸ், டேஷ் வேணும்னா அதையே ரெண்டு தடவை தட்டணும். கம்ப்யூட்டரும் அதே கீயை எடுத்துக்கிச்சு. எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் நம்பர் குடுக்கிற யூனிகோடுல இப்ப தனித்தனியா இடம் இருக்கு: ஹைஃபன் 2010, என் டேஷ் 2013, எம் டேஷ் 2014 (வருஷம் இல்லைங்க, கோட் நம்பர்). விண்டோஸ்ல ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு நம்பர் பேட்ல 0151 அடிச்சா எம் டேஷ், 0150 அடிச்சா என் டேஷ். போன்ல ஹைஃபனை அழுத்திப் பிடிச்சாலே பெரும்பாலும் ரெண்டும் மேல வந்து நிக்கும்.